வீட்டுப்பாடமும் வகுப்பறைச் செயல்பாடுகளும்: வடசென்னைத் தொடக்கப் பள்ளிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டைப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாக நான் வகுப்பெடுத்து வருகிறேன். காலையில் பிள்ளையை விட்டுச் செல்லும்போதும், பெற்றோர் கூட்டத்தின்போதும், சில நேரம் மீன் வாங்கப் போன இடத்திலும் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கே இந்தப் பதில்கள் பொருந்தும். கேள்விகள் பலவாக இருந்தாலும் அவற்றுக்குள் ஓடும் கவலை ஒன்றுதான்: "பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லையே, மிஸ்." வீட்டுப்பாடம் என்பது பிள்ளை தானாக, சிறிது நேரத்தில், பெரும்பாலும் தவறில்லாமல் செய்து முடிக்கக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கொடுத்த எங்களிடம்தான் குறை; உங்களிடம் இல்லை.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் உண்டா?

இல்லை. 1993-ஆம் ஆண்டிலேயே பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் வேண்டாம் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையும் அதையே சொன்னதோடு, இந்த இரண்டு வகுப்புகளின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேலும், 3 முதல் 5 வரையிலான வகுப்புகளின் பை 3 கிலோவுக்கு மேலும் போகக் கூடாது என்று வரையறுத்தது. 2020-இல் வந்த புத்தகப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது. தெருமுனை மளிகைக் கடைத் தராசில் ஒரு நாள் பையை வைத்துப் பாருங்கள். 22 கிலோ எடையுள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தோளில் 4 கிலோ தொங்கினால், அந்த எடையைக் குறித்துக்கொண்டு பள்ளியில் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்படியானால் மாலையில் அந்தச் சின்னப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். விளையாடட்டும். இருட்டிய பிறகு, பள்ளியில் கேட்ட கதையை உங்களுக்குச் சொல்லட்டும். கதை முன்னும் பின்னுமாக வந்தால் "அதுக்கு அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லப் பழகிய பிள்ளைக்குப் பிற்பாடு கட்டுரை எழுதுவது கடினமாக இருப்பதில்லை.

மூன்றாம் வகுப்புக்கு மேல் எவ்வளவு நேரம் சரி?

அதே 2020 கொள்கை 3 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்கிறது. ஐந்து நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 24 நிமிடம் வரும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் என்பவர் வீட்டுப்பாடம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட முடிவும் நினைவில் கொள்ளத்தக்கது: உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு வீட்டுப்பாடத்தால் தெளிவான பயன் தெரிந்தது, தொடக்க வகுப்புகளில் அந்தப் பயன் மிகச் சிறியதாகவே இருந்தது.

ஆகவே அரை மணி நேரம் ஆனதும், முடிந்தாலும் முடியாவிட்டாலும், நோட்டை மூடிவிடச் சொல்லுங்கள். "இவ்வளவு நேரம் முயன்றான், இதற்கு மேல் வரவில்லை" என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எழுத வராவிட்டால் காலையில் வாயால் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பயன்படும். நீங்கள் இரவு 10 மணி வரை உட்கார வைத்து, கைபிடித்து எழுத வைத்து அனுப்பிய அழகான பக்கத்திலிருந்து, பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது எனக்குத் தெரிவதே இல்லை. 6 வயதுக்கு மேல் 12 வயது வரை பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கத்தை வெட்டி எழுதிய பாடம் மறுநாள் வகுப்பில் கொட்டாவியாகத்தான் வந்து நிற்கிறது.

எங்கள் பிள்ளை படிக்கும் தனியார் பள்ளியில் யூகேஜி-யிலேயே தினமும் இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வகுப்பு ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். மற்ற பெற்றோர் முன்னிலையில் கேட்டால் பேச்சு வாக்குவாதமாகிவிடும். "எந்த எழுத்துக்காக இந்தப் பயிற்சி? நாலு வரி எழுதி அனுப்பினால் போதுமா?" என்று கேளுங்கள். பெற்றோர் விரும்புகிறார்கள் என்று எண்ணித்தான் பல பள்ளிகள் பக்கம் பக்கமாகக் கொடுக்கின்றன. நான்கைந்து பெற்றோர் சேர்ந்து வேண்டாம் என்று சொன்னால் அந்த வழக்கம் தளரும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எப்படி உதவ முடியும்?

உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. கேட்பது உங்கள் வேலை. காசிமேட்டில் மீன் வெட்டும் தாய் ஒருவர், மகள் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை உரக்கப் படிக்க, கை வேலையை விடாமலே கேட்டுக்கொண்டிருப்பார். இடையில் மகள் தடுமாறினால் "திருப்பிப் படி, எனக்கு விளங்கல" என்பார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் வாக்கியம் பொருள் தராமல் போன இடம் அவர் காதுக்குத் தெரிந்தது. மகள் திரும்பிப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டாள். மூன்றாம் வகுப்பு முடியும்போது என் வகுப்பில் தடையின்றி வாசித்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

தினமும் மூன்று கேள்விகளை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இன்று வகுப்பில் என்ன செய்தாய்? அதை எனக்கும் சொல்லிக்கொடு. எது கஷ்டமாக இருந்தது? இரண்டாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட நன்றாக மனத்தில் நிற்கும். பிள்ளை சொல்வது சரியா தவறா என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. சொல்லச் சொல்ல, தனக்குத் தெரியாத இடம் எது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். அதை மறுநாள் எங்களிடம் கேட்கும்.

ஆங்கிலப் பாடத்துக்கும் இதே வழிதான். உச்சரிப்பு உங்களுக்குத் தெரியாது என்பதற்காக வெட்கப்பட வேண்டாம். படத்தைக் காட்டி, "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?" என்று பிள்ளையிடம் கேட்டு நீங்களும் சொல்லிப் பாருங்கள். தாய்க்கு ஆசிரியராக இருப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் பெருமையை நான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பறையில் எப்போது பார்த்தாலும் பாட்டும் ஆட்டமும் அட்டைகளுமாக இருக்கிறதே, பாடம் எப்போது நடக்கிறது?

அந்த அட்டைகளில்தான் பாடம் நடக்கிறது. இந்த முறைக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2003-இல், எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. பிறகு அது மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதற்கும் சென்றது. பிள்ளை ஓர் ஏணியில் ஏறுவதுபோல ஒவ்வோர் அட்டையாக முடித்து மேலே செல்லும். இரண்டு நாள் காய்ச்சலில் வராமல் போன பிள்ளை, விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். பிள்ளைகள் எழுதுவதற்காகவே சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை வந்தது அப்போதுதான்.

இப்போது நடப்பது எண்ணும் எழுத்தும் திட்டம். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் எழுத்தும் எண்ணும் தெரியாமலேயே மேல் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளை மனத்தில் வைத்து, 2022 ஜூன் 13 அன்று, நமக்கு அருகில் உள்ள திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் அது தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கும், அடுத்த கல்வியாண்டில் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சியைக் கொடுக்கிறோம். கதைக்கும் பாடலுக்கும் பொம்மலாட்டத்துக்கும் வாசிப்புக்கும் வகுப்பறையில் தனித்தனி இடம் உண்டு.

"என் பிள்ளை மூன்றாம் வகுப்பு, ஏன் அரும்பில் இருக்கிறான்?" என்று சிலர் மனம் வருந்துகிறார்கள். தெரியாத இடத்திலிருந்து தொடங்காமல் தெரிந்ததாகப் பாவித்து மேலே இழுத்துச் சென்றால் அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சொற்களை வீட்டில் பட்டப்பெயராக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். "நீ இன்னும் அரும்புதானே" என்று அண்ணன் கேலி செய்ததால் ஒரு மாதம் வாய் திறக்காமல் இருந்த பிள்ளையை நான் அறிவேன்.

தமிழ் வாசிக்கும்போது ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் படிக்கிறான். வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்து, 11 துணைக் குறிகளும் தெரிந்துவிட்டால் பெரும்பகுதி முடிந்தது. உ, ஊ என்னும் இரண்டு வரிசைகளில்தான் குறி ஒரே மாதிரி இருக்காது. கு, சு, டு, து என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அந்த 36 எழுத்துகளைத் தனியாகப் பழக்க வேண்டும். அடுத்த தடை கொம்பு. கெ, கே, கை, கொ, கோ ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது; ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. கண் முதலில் கொம்பைப் பார்ப்பதால் பிள்ளை தயங்குகிறது. இதற்கு வரிசையை நெடுக்காகப் படிக்கச் செய்தால் பலன் உண்டு. "க, கா, கி, கீ" என்று பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளை, "கெ, செ, டெ, தெ, பெ" என்று கேட்டால் நின்றுவிடும். தினமும் ஒரு குறியை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து எழுத்துகளோடு சேர்த்துச் சொல்லச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

நம் பகுதியின் பெயர்களே நல்ல வாசிப்புப் பாடம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நிலையப் பலகைகளைப் படித்துக்கொண்டே ஒரு முறை போய் வாருங்கள். தண்டையார்பேட்டையில் எத்தனை எழுத்து? எட்டு. திருவொற்றியூரில்? ஏழு. வியாசர்பாடியில் ஆறு. கொருக்குப்பேட்டையில் புள்ளி வைத்த எழுத்துகள் எத்தனை என்று கேட்டால், பேருந்து சிக்னலில் நிற்கும் நேரம் போவதே தெரியாது. புத்தகத்தில் ஒரு சிறிய பத்தியை எடுத்து, அதே பத்தியை மூன்று நாள் தொடர்ந்து உரக்கப் படிக்கச் செய்யுங்கள். முதல் நாள் விரல் வைத்துப் படித்தவன் மூன்றாம் நாள் நிறுத்தம் பார்த்துப் படிப்பதைக் கேட்பீர்கள். மனப்பாடமாகச் சொல்கிறானோ என்று சந்தேகம் வந்தால், நடுவில் உள்ள ஒரு சொல்லைக் காட்டி அதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பேசுவதுபோலவே நோட்டிலும் எழுதுகிறான். பேச்சைத் திருத்த வேண்டுமா?

பேச்சைத் திருத்த வேண்டாம். அது அவன் தாய்மொழி. வாழைப்பழத்தை "வாயப்பயம்" என்று சொல்லும் பிள்ளை அப்படியே எழுதுவது இயல்பு, ஏனென்றால் காதில் விழுந்ததை எழுத்தாக்கச் சொல்லிக்கொடுத்தவர்களே நாங்கள்தான். பேச்சுத் தமிழ், புத்தகத் தமிழ் என்று இரண்டு இருப்பதை ஒரு விளையாட்டாகப் பழக்கலாம். "அப்பா மீன் வாங்கியாந்தாரு" என்று நீங்கள் சொல்லுங்கள். "அப்பா மீன் வாங்கி வந்தார்" என்று பிள்ளை புத்தகத் தமிழில் சொல்லட்டும். பிறகு மாற்றி விளையாடுங்கள்.

ல, ள, ழ வேறுபாட்டை நாக்கு நிற்கும் இடத்தைக் கொண்டு உணர்த்தலாம். ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு மடங்கினாலும் எதையும் தொடாது. கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மற்றவர் எதிரில் "சென்னைத் தமிழ்" என்று கேலி செய்வதை மட்டும் பள்ளியிலும் வீட்டிலும் நிறுத்த வேண்டும். பேசிய மொழிக்காகச் சிரிக்கப்பட்ட பிள்ளை, எந்தத் தமிழிலும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும்.

கணக்கில் மிகவும் பயப்படுகிறாள். வீட்டில் எப்படிப் பழக்குவது?

கணக்கு நம் தெருவில் கொட்டிக் கிடக்கிறது. மீன் வாங்கப் போகும்போது பிள்ளையை அழைத்துப் போங்கள். ஒரு கூறு 50 ரூபாய் என்றால் மூன்று கூறு எவ்வளவு, 200 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். நெத்திலி கிலோ 120 ரூபாய்க்கு விற்கும் நாளில் முக்கால் கிலோவுக்கு என்ன விலை என்பது ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு. அதைப் பலகையில் போட்டால் அழும் பிள்ளை, கடையில் பாதிக்கு 60, காலுக்கு 30, ஆக 90 என்று விரல்விட்டுச் சொல்லிவிடுகிறது. லாரித் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு லிட்டர் பாட்டிலால் ஒரு வாளியை நிரப்பிப் பார்த்து எண்ணட்டும். பிறகு ஒரு குடத்துக்கு எத்தனை லிட்டர், வீட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனைக் குடம் என்று தானே பெருக்கும்.

வாசலில் போடும் கோலம் அருமையான கணக்குப் பாடம். 7 புள்ளி 7 வரிசை வைத்தால் 49 புள்ளி. நடுவில் 7 வைத்து, இருபுறமும் ஊடு புள்ளியாக 6, 5, 4 என்று குறைத்துக்கொண்டு போனால் எத்தனை? 7-ஐத் தனியாக வைத்துக்கொண்டு, 6, 5, 4-ஐக் கூட்டி 15 என்று கண்டு, அதை இரட்டிப்பாக்கி 37 என்று சொன்ன ஒரு சிறுமியிடம், இப்படிச் செய்ய யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே மிஸ்" என்றாள். சமச்சீர் என்னும் பாடத்தை அதற்குமேல் நான் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டி வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுத்து வையுங்கள். 14 குழியில் குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டால் 70. ஆட்டம் முடிந்த பிறகு இருவர் கையிலும் இருப்பதைக் கூட்டினால் 70 வர வேண்டும். வராவிட்டால் ஒன்று பாய்க்கடியில் உருண்டிருக்கும்.

வாய்ப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளின் பயம் அதிலிருந்தே தொடங்குகிறது. பத்தாம் வாய்ப்பாடு வரை நூறு வரிகள் இருப்பதாகத் தோன்றும். 3 பெருக்கல் 7-உம் 7 பெருக்கல் 3-உம் ஒன்றுதான் என்று புரிந்த உடனே நூறு 55 ஆகிவிடும். ஒன்றாம், பத்தாம் வாய்ப்பாடுகளுக்கு மனப்பாடம் தேவையில்லை. அவற்றை நீக்கினால் 36 மிஞ்சும். இரண்டாவதும் ஐந்தாவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எளிதில் வந்துவிடும். அவையும் போக மிஞ்சுவது 21 மட்டுமே. அந்த 21-ஐயும் பழைய காலண்டர் தாளில் சிறு துண்டுகளாக எழுதி, வாரத்துக்கு மூன்று என்று பழக்கினால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். இதைச் சொன்ன நாளில் என் வகுப்பில் எழுந்த பெருமூச்சை இன்னும் மறக்கவில்லை.

அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் வீட்டில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

கடலோரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு அதில் குறையே இல்லை. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதே காரணம். காலண்டரை வைத்து நாட்களை எண்ணச் சொல்லுங்கள்: ஏப்ரலில் 16, மே மாதத்தில் 31, ஜூனில் 14, ஆக 61. அந்த நாட்களில் மீன் விலை என்ன ஆகிறது, படகுகளும் வலைகளும் எங்கே இருக்கின்றன, வீட்டு வருமானம் எப்படி மாறுகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதினால் அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்து வந்துவிடும்.

ஒரு மாதம் தினமும் நிலாவைப் பார்த்துக் காலண்டர் கட்டத்தில் வரையச் செய்யுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் ஏன் கூடுகிறது என்பதைக் கடலுக்குப் போன தாத்தாவிடம் கேட்டால், புத்தகத்தில் இல்லாத பல செய்திகளோடு பதில் வரும். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று காற்றின் பெயர்களையும் திசைகளையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். இராயபுரம் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகும்போது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் ஆற்காடு நோக்கிப் புறப்பட்டது என்று சொல்லுங்கள். அதற்குமுன் ஆற்காட்டுக்கு எப்படிப் போயிருப்பார்கள் என்ற கேள்வியைப் பிள்ளையே கேட்கும்.

கடலோரத்துக்கும் கால்வாய்க் கரைக்கும் பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது.

பிராஜெக்ட் என்று சொல்லி வாரா வாரம் செலவு வைக்கிறார்கள். என்ன செய்யலாம்?

இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். முன்பு ஒரு முறை, போக்குவரத்து வாகனங்களின் படங்களைச் சார்ட்டில் ஒட்டி வரும்படி சொல்லியிருந்தேன். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஒரு சிறுமி பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோது, படமும் சார்ட்டும் வாங்க அந்த இரண்டு நாளும் வீட்டில் காசு இல்லை என்பதும், வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு நின்றுவிட்டாள் என்பதும் தெரிந்தது. அன்றிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டிய எதையும் நான் வீட்டுப்பாடமாகக் கொடுப்பதில்லை. கடையில் வாங்கி ஒட்டிய படத்தில் பிள்ளை கற்றது கத்தரிக்கோல் பிடிப்பது மட்டும்தான். தெருவில் பத்து நிமிடம் நின்று எத்தனை மீன்பாடி வண்டி, எத்தனை ஆட்டோ, எத்தனை கன்டெய்னர் லாரி போயின என்று கோடு போட்டு எண்ணி வந்தால், அதே தலைப்பில் புள்ளிவிவரம் திரட்டவும் பழகியிருக்கும். உங்களிடம் செலவு வைக்கும் பிராஜெக்ட் வந்தால், பழைய அட்டைப் பெட்டியிலும் பிள்ளையின் கையால் வரைந்த படத்திலும் செய்து அனுப்புங்கள். "வாங்க வசதியில்லை" என்று ஆசிரியரிடம் சொல்வதில் தலைகுனிவு எதுவும் இல்லை.

ஒரே அறை வீடு. டிவி ஓடும், விருந்தாளி வருவார், தம்பி அழுவான். எங்கே உட்கார்ந்து படிப்பது?

மேசை நாற்காலி வேண்டியதில்லை. ஒரு பாய், சாய ஒரு சுவர், பென்சிலும் அழிப்பானும் பல்பமும் போட்டு வைக்க ஒரு டப்பா போதும். இடத்தைவிட நேரம் முக்கியம். சாயங்காலம் விளையாடி வந்து முகம் கழுவியதும் 25 நிமிடம் டிவியை அணைப்பதாக வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, பெரியவர் ஒருவர் உடனிருக்க, மொட்டை மாடியிலோ குடியிருப்பின் படிக்கட்டிலோ நான்கு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து உட்காருவதும் நல்ல ஏற்பாடு. மூத்த பிள்ளை சிறியவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் லாபம். ஆனால் மூத்தவள் தன் பாடத்தை விட்டுவிட்டு அதையே செய்துகொண்டிருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது பெண் பிள்ளையாகவே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில்தான் வீட்டுப்பாடம் வருகிறது. செல்பேசி அப்பாவிடம் இருக்கிறது. அவர் இரவுப் பணியில் இருக்கிறார்.

தொடக்க வகுப்புக்குச் செல்பேசி வழியாக மட்டும் வீட்டுப்பாடம் அனுப்புவது சரியில்லை. கரும்பலகையில் எழுதிப் பிள்ளை பார்த்து எழுதிக்கொள்ளும்படி கேளுங்கள். அப்படி எழுதிக்கொள்வதே ஒரு பயிற்சி. செல்பேசி கையில் போனால் பாடம் இரண்டு நிமிடமும் வீடியோ ஒரு மணி நேரமும் ஆகிவிடுவதை நீங்களே அறிவீர்கள்.

டியூஷன் சேர்க்க வேண்டுமா?

பெரும்பாலான தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. பள்ளியில் ஆறு மணி நேரம் இருந்துவிட்டு வந்த பிள்ளையை மறுபடியும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதால் பயனைவிடச் சலிப்பே மிகுதி. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதால், பிள்ளை பத்திரமாக ஓரிடத்தில் இருக்கட்டும் என்பதற்காக அனுப்பும் வீடுகள் பல உண்டு. அந்தத் தேவை எனக்குப் புரிகிறது. அப்படியானால் அங்கே வீட்டுப்பாடத்தை யார் எழுதுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். விடையைச் சொல்லி எழுத வைக்கும் டியூஷனால் பிள்ளை பின்தங்கவே செய்யும். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் உங்கள் தெருவில் இன்னும் நடந்தால் அங்கே அனுப்பலாம், கட்டணம் இல்லை. பள்ளி ஆசிரியரே தனியாகக் காசு வாங்கி டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தடை செய்கிறது.

"நாலு அடி போடுங்க மிஸ், அப்பத்தான் படிப்பான்" என்று சொன்னால் ஏன் மறுக்கிறீர்கள்?

அடிப்பதையும் மனம் புண்படப் பேசுவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் மறுப்பேன். அடிக்குப் பயந்த பிள்ளை தெரியாததைத் தெரியாது என்று சொல்லாது; பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும். நூறு முறை இம்போசிஷன் எழுதும் பிள்ளை முதல் ஐந்து முறைக்குப் பிறகு சொல்லைப் பார்ப்பதில்லை. முதல் எழுத்தை நூறு முறை மேலிருந்து கீழாகவும், இரண்டாம் எழுத்தை நூறு முறை மேலிருந்து கீழாகவும் போட்டுக்கொண்டு போகும். பள்ளியில் உங்கள் பிள்ளை அடிபட்டால் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும், குழந்தைகள் உதவி எண் 1098-லும் தெரிவிக்கலாம்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, உருது அல்லது இந்தி பேசுகிறோம். வீட்டிலும் தமிழே பேச வேண்டுமா?

வேண்டாம். கதையையும் கணக்கையும் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். ஒரு மொழியில் நன்றாக யோசிக்கப் பழகிய பிள்ளை, தெருவிலும் வகுப்பிலும் கேட்கும் தமிழை விரைவாகப் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் நான் "குடை" என்று சொல்லும்போது அதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லச் சொல்வேன்.

பெற்றோர் கூட்டத்தில் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

"எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, "ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்க மிஸ், நான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். போன மாதம் வராதது இந்த மாதம் எது வந்திருக்கிறது, அடுத்த மாதத்துக்குள் எது வர வேண்டும், அதற்கு வீட்டில் பத்து நிமிடம் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் அந்தக் குழு கூடும் நாள் பலகையில் எழுதப்பட்டிருக்கும். வேலைக்குப் போவதால் அந்த நேரத்துக்கு வர முடியாதவர்கள், வேறு எந்த நேரம் வசதிப்படும் என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடியற்காலை ஏலம் முடிந்து, மீன் கூடையைப் பள்ளி வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு எட்டரை மணிக்கு வரும் தாய்மார்களோடு நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.